சீதோஷ்ண நிலையும் வானிலையும்
காரைக்கால் நெற்சாகுபடியாளர் அறியவேண்டுவன

தை பிறந்தால் மழை ஓய்ந்துவிடும் என்னும் நம்பிக்கையில் சம்பாக் கதிரை நன்கு முற்றவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பது காரைக்கால் விவசாயிகளின் வழக்கம். பெரும்பாலான வருஷங்களில் இந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. ஆயினும் 2021-ஆம் வருஷம் ஜனவரியிலும், 2023-ஆம் வருஷம் பிப்ரவரித் தொடக்கத்திலும் காவிரிப் படுகையில் பெய்த பருவந்தவறிய மழையால், முற்றிய பயிர் சாய்ந்து நீரில் கிடந்தது. சீதோஷ்ண நிலை வேறு, வானிலை வேறு என்பதை உணர்ந்து நடப்போர்க்கு இத்தகைய நஷ்டம் ஓரளவேனும் குறையும்.

ஓரிடத்தில் இன்றோ இவ்வாரத்திலோ காணப்படும் வெப்பம், காற்று, ஈரம், மேகம், மழை ஆகியவற்றின் நிலையே வானிலையாகும். இவற்றைப் பல்லாண்டுகள் அளந்து, சராசரியையும் ஏற்றத்தாழ்வையும் கணித்தறிவது சீதோஷ்ண நிலை. முப்பது வருஷக் கணக்கை இதற்கு ஆதாரமாகக் கொள்வது உலக வானிலை அமைப்பின் முறை. எந்த ரகத்தை எப்பட்டத்தில் நாற்றுவிடுவது என்பதைச் சீதோஷ்ண நிலையைக் கொண்டு தீர்மானிக்கவேண்டும். உரமிடும் நாள், மருந்து தெளிக்கும் நாள், அறுக்கும் நாள் ஆகியவற்றை வானிலையைக் கொண்டே தீர்மானிக்கவேண்டும்.

காரைக்காலுக்கு நீர் இருவழியாக வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத்தொடர்ச்சி மலையின் மேலைச்சரிவிலேயே தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கொட்டிவிடுவதால், கீழைக்கரையில் அதன் மழை குறைவு. எனினும் குடகில் பெய்யும் அம்மழையே மேட்டூர் அணையில் தேங்கி, காவிரியாகவும் அரசலாறாகவும் இக்கடைமடையை வந்தடைகிறது. அக்டோபரில் காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் காற்று, கடலின் ஈரத்தை ஏந்திவந்து கரையில் மழையாகப் பொழிகிறது. வருஷ மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டிசம்பர் முடிவதற்குள் பெய்துவிடுகிறது. புயல் அபாயமும் இம்மாதங்களில் அதிகம். 2008-ஆம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி நிஷா புயல் காரைக்காலுக்கு அருகிலேயே கரையைக் கடந்தது.

சராசரியை எவ்வருஷத்துக்கும் உறுதியாகக் கொள்ளலாகாது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையின் சராசரி சுமார் 44 சென்டிமீட்டர். 2015-இல் சுமார் 66 சென்டிமீட்டர் பெய்தது. மறுவருஷமே அது சுமார் 17 சென்டிமீட்டராகச் சுருங்கிற்று. முந்தைய வருஷம் வெள்ளத்துக்கு அஞ்சியவர்கள் அடுத்த வருஷம் பயிர் கருகக் கண்டனர்.

வானிலை அறிக்கையின் சொற்களுக்குத் திட்டமான அளவுண்டு. ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்வது கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேற்பட்டது அதி கனமழை. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை ஏறக்குறைய 40,000 லிட்டர் நீராகும். ஆகவே 12 சென்டிமீட்டர் பெய்தால் ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீரை வடிக்கவேண்டும். கடலையொட்டிய தாழ்ந்த நிலத்தில், கடல் ஏற்றமுள்ள வேளையில் ஆற்றுநீர் எளிதில் இறங்காது. எச்சரிக்கை வந்தபின் வடிகாலைத் தூர்வாரத் தொடங்குவது காலங்கடந்த செயலாகும். அவ்வேலையைச் செப்டம்பரிலேயே முடித்துக்கொள்ளவேண்டும்.

மேலுரம் இடுமுன்னும் அறுவடைக்கு முன்னும் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் அறிக்கையைத் தவறாது பார்த்தல் நலம். கதிரில் நூற்றுக்கு எண்பது மணிகள் பழுத்து, மழைக்கும் அறிகுறி காணப்படின், மேலும் முற்றட்டும் எனக் காத்திராமல் அறுத்துவிடலாம். கிராம அதிகாரிகள் மழைமானி ஒன்றை மரமும் சுவரும் மறைக்காத வெளியில் நிறுவி, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளவெடுத்துப் பதிவேட்டில் எழுதிவரவேண்டும். அண்டை ஊரில் பெய்த மழை தம் ஊரில் பெய்யாதிருத்தல் உண்டு. இன்று எழுதப்படும் அளவுகளே நாளடைவில் அவ்வூரின் சீதோஷ்ணக் கணக்காகி, பின்வரும் தலைமுறையின் சாகுபடிக்கு வழிகாட்டும்.