மின்சாரக் குட்டி யானை

தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்றும் இங்கே தில்லியில் 'சோட்டா ஹாத்தி' என்றும் வழங்கும் சிறு சரக்கு வண்டியை அன்பர்கள் நன்கறிவர். வீடு மாறும்பொழுது நம் பீரோவையும் கிரைண்டரையும் சுமப்பது அதுவே. 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் வெளியிட்ட அவ்வண்டிக்கு 2022 மே மாதத்தில் மின்சாரத் தம்பி ஒருவன் பிறந்தான். நாம் பணிபுரியும் ரயில்வே பார்சல் அலுவலக வாயிலிலும் புகையின்றி வந்து நிற்கும் வண்டிகளைக் காண்கிறோம்.

ஓட்டுநர்கள் இதனை விரும்புவது காற்றின் தூய்மைக்காக என்று எண்ணிவிட வேண்டா. நெரிசல் வேளைகளில் தலைநகரின் பல சாலைகளில் சரக்கு வண்டிகள் நுழையலாகாது. 2021-இல் தில்லி அரசு சிறு மின்சாரச் சரக்கு வண்டிகளுக்கு இத்தடையினின்று விலக்களித்தது. காலையில் ஒரு நடை கூடுதலாகக் கிடைப்பது ஏழை ஓட்டுநருக்குச் சிறிய காரியமா?

செலவையும் பார்ப்போம். முதலில் வந்த வண்டியின் பாட்டரி 21.3 யூனிட் கொள்ளும். யூனிட் 8 ரூபாயானால், சேதாரம் உட்பட 200 ரூபாயில் நிரம்பிவிடும். சான்றிதழில் கண்ட தூரம் 154 கிலோமீட்டர். பாரமேற்றி ஓட்டினால் அது குறையும். 100 என்றே கொள்வோம். கிலோமீட்டருக்கு 2 ரூபாய். லிட்டர் 90 ரூபாய் டீசலில் 18 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கோ 5 ரூபாய். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடினால் 240 ரூபாய் மிச்சம்.

அப்படியாயின் எல்லோரும் ஏன் வாங்கவில்லை? விலை ஒரு தடை. 2025 ஜூனில் ஆறரை லட்சம் ரூபாய் ஆரம்ப விலையில் சிறிய மின்வண்டியொன்று வந்தது. அதன் பெட்ரோல் வகையோ நான்கு லட்சத்திற்கும் சற்றுக் குறைவு. பழைய மின்வண்டி பின்னாளில் என்ன விலைக்குப் போகும் என்பது தெரியாமையால் கடன் கொடுப்போரும் தயங்குகின்றனர், வட்டியைக் கூட்டுகின்றனர்.

பெருந்தடை இரவில்தான் இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்குச் சொந்தக் கொட்டகையும் மின் இணைப்பும் உண்டு. ஒற்றை அறையில் குடியிருந்து, வண்டியைத் தெருவோரம் நிறுத்துபவர் எங்கே சார்ஜ் செய்வார்? நிலைமை இவ்வாறே நீடித்தால், மின்வண்டியின் லாபம் கம்பெனிக்கும், சொந்த வண்டிக்காரருக்குக் கூலி வேலையும் என்றாகிவிடும் என்று நாம் அஞ்சுகிறோம்.

தில்லியில் மின்வண்டிக்கெனத் தனி மீட்டரும் தனிக் கட்டண விகிதமும் பெறலாம். நம் அன்பர்களில் சொந்த வீடுடையோர் சிலர் கீழ்த்தளத்தை ஓட்டுநர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கின்றனர். தனி மீட்டர் வைத்துக்கொள்ள இசைவு கேட்டு அவர் வந்தால், மறுக்குமுன் ஒருமுறை மின்சார அலுவலகத்தில் விசாரிக்க வேண்டுகிறோம்.