குழாய்க்குள் திரும்பிய குழிநீர்

1969 இலையுதிர் பருவத்தில், அமெரிக்காவின் வூஸ்டர் நகரிலுள்ள ஹோலி கிராஸ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி இரண்டே ஆட்டங்களோடு விளையாட்டை நிறுத்தியது. வீரர்களும் பயிற்சியாளர்களுமாக 97 பேரில் 90 பேரைக் கல்லீரல் அழற்சிக் கிருமி தொற்றியிருந்தது.

எல்லோரும் குடித்தது பயிற்சி மைதானத்துக் குழாய்நீர். அதே குழாய்வரிசையில், புல்லுக்கு நீர் பாய்ச்சும் குழாய்கள் தரைமட்டத்துக்குக் கீழே குழிகளில் இருந்தன. அங்கே விளையாட வந்த, தொற்று கண்ட குழந்தைகளால் குழிநீர் அசுத்தமானது. ஆகஸ்டில் ஒரு நாள் அருகே தீப்பிடிக்க, தீயணைப்பு வீரர்கள் ஏராளமான நீரை இழுத்தார்கள். குழாயில் அழுத்தம் விழுந்தது. குழிநீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டது.

அழுத்தம் எங்கே குறைகிறதோ, தண்ணீர் அங்கே ஓடும். அழுக்குத் துணி ஊறும் வாளிக்குள் ஹோஸ் முனை மூழ்கிக் கிடந்தால் நம் வீட்டிலும் இது நடக்கலாம். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இன்னும் மோசம்: விரிசல் வழியே சாக்கடைநீரும் சேர்ந்து வரும், பக்கத்து வீட்டுக் குழந்தையும் அதைக் குடிக்கும்.

செலவே இல்லாத தடுப்பு, காற்று இடைவெளி. குழாய் வாய்க்கும் தொட்டி விளிம்புக்கும் இடையே குழாய் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு, குறைந்தது ஓர் அங்குலம் விட வேண்டும். அதற்கு வழியில்லாத இடங்களில் பின்னோட்டத் தடுப்பு வால்வு பொருத்தலாம். உள்ளிருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும் தேயக்கூடியவை. அதனால்தான் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இந்த வால்வுகளை ஆண்டுதோறும் சோதிப்பது கட்டாயம்.