ஐந்து நிமிட லேசர், மூன்று மாத வெயில்

மச்சத்தையும் மருவையும் லேசரில் எடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சென்ற வாரம் எழுதினேன். எடுத்த பிறகு என்ன செய்வது என்பது இந்த வாரம். இரண்டில் இதுதான் பெரிய வேலை. கருவி ஓடுவது நான்கைந்து நிமிடம். சின்ன மருவுக்கு அதுகூட வேண்டாம். ஆனால் அந்த இடம் சுற்றியுள்ள தோலோடு நிறம் சேர மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம் பிடிக்கும். "லேசர் வச்சேன், கறுத்துப் போச்சு" என்று வருந்துகிறவர்களைக் கேட்டுப் பார்த்தால், பலருடைய கதையில் அந்த மூன்று மாதத்து வெயிலும் வீட்டில் பூசிய பூச்சும் இருக்கும்.

செட்டிநாட்டு ஊரான நேமத்தான்பட்டியை மனத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். லேசர் செய்துகொண்டவருக்கு மருத்துவமனையில் கொடுக்கும் அறிவுரைத் தாள் எல்லா ஊருக்கும் பொதுவானது. அதில் முற்றத்து வெயில் இல்லை, பலகார அடுப்பு இல்லை, ஊருணிக் குளியல் இல்லை, பழனி பாதயாத்திரை இல்லை. செட்டிநாட்டில் வாழ்கிறவருக்கு இவையெல்லாம் சேர்ந்ததுதான் பின்கவனிப்பு.

முதலில் அந்தப் புண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வோம். மரு, தோல் முளை, மேடாக இருக்கும் மச்சம் ஆகியவற்றை எடுக்கப் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசரைப் பயன்படுத்துகிறார்கள். 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கிய குமார் படேல், மகாராஷ்டிரத்து பாராமதியில் பிறந்தவர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இது. தோலின் செல்களில் உள்ள தண்ணீர் இந்த ஒளியை உறிஞ்சி, நொடியில் கொதித்து ஆவியாகிறது. தண்ணீரோடு திசுவும் போய்விடுகிறது. கத்தி இல்லை, தையல் இல்லை, ரத்தமும் அநேகமாக இல்லை. அதனாலேயே பலர் அதைப் புண் என்று நினைப்பதில்லை. உண்மையில் அது மேல்தோல் போன ஒரு சிறு தீப்புண். அப்படியே அதை நடத்த வேண்டும்.

மரத்துப்போகக் கொடுத்த ஊசி ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்ததும் லேசாக எரியும். பாராசிட்டமால் போதும். அன்று சிவப்பும் சற்று வீக்கமும் இருக்கும், நீர் கசியலாம். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் மென்மையான சோப்பும் குழாய்த் தண்ணீரும் விட்டுக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்கக் கூடாது. பிறகு மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பையோ வாசனை சேர்க்காத வாசலைனையோ மெல்லிய படலமாகத் தடவி, புண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் வீட்டுப் பெரியவர்களோடு வாக்குவாதம் வரும். காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றியின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றை மூடி ஈரமாக வைத்தார். மூடி வைத்தவற்றில் புதுத் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. காய்ந்த பொருக்கு இருந்தால் புதுச் செல்கள் அதன் அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும். ஈரமாக இருந்தால் நேரே நகர்ந்துவிடும். அறுபது ஆண்டுக்கு மேலாகப் புண் மருத்துவம் நிற்பது இந்த அடித்தளத்தில்தான். பொருக்கு எப்படியும் கொஞ்சம் கட்டும். முகத்தில் ஏழு முதல் பத்து நாளில் தானாக விழும். உடம்பிலும் காலிலும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நகத்தால் பெயர்த்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்ப எந்தக் களிம்பும் கிடையாது.

"மஞ்சளை இழைச்சு வையி ஆத்தா, ஆறிப் போகும்" என்று ஆச்சி சொல்வது அன்பினால்தான். மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு என்பதையும் ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. ஆனால் அஞ்சறைப் பெட்டியின் மஞ்சள்தூள் கிருமி நீக்கிய மருந்து அல்ல. அதைவிட முக்கியம், மஞ்சள் பூசிய இடத்தில் சிவப்பு பரவுகிறதா, சீழ் கோக்கிறதா என்று பார்க்கவே முடியாது. மஞ்சள் சமையலுக்கு இருக்கட்டும், புண்ணுக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாறு அதைவிடக் கெடுதல். எலுமிச்சை வகைச் சாறுகளில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கி, மாதக்கணக்கில் போகாத கருந்தழும்பை விடும். பற்பசை, காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் அந்த இடத்துக்கு ஆகாது.

நெற்றியில் எடுத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. திருநீறு பூசாமல் வாசல் தாண்டாத வீடுகள் இங்கே நிறைய. பொருக்கு விழும்வரை புண்ணின் மேல் திருநீறோ குங்குமமோ படக் கூடாது. சற்றுத் தள்ளி இட்டுக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் பொட்டை இன்னும் சில வாரம் தள்ளிப்போடுங்கள். சில பொட்டுகளின் பசையில் இருக்கும் ஒரு பீனால் சேர்மம் தோலின் நிறத்தையே அழித்து வெண்புள்ளி உண்டாக்கக்கூடியது. நல்ல தோலிலேயே அப்படி நடக்கிறது என்றால் ஆறிக்கொண்டிருக்கும் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வெயில். காரைக்குடி வட்டாரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை, ஆக ஆண்டுக்கு இரண்டு தடவை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் தொடங்கிவைத்த தோல் வகைப்பாட்டில் நம்மவர் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகை. இந்தத் தோல் சுலபத்தில் வெந்து சிவக்காது. காயம் பட்ட இடத்தில் சுலபத்தில் கறுக்கும். புண்ணால் சீண்டப்பட்ட நிறமிச் செல்கள் அளவுக்கு மீறி மெலனினைச் சுரக்கின்றன, வெயில் அதை மேலும் தூண்டிவிடுகிறது. இந்தக் கருமை உடனே தெரிவதில்லை. பொருக்கு விழுந்து இளஞ்சிவப்பாக அழகாக ஆறி, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியான பிறகு, மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் பலருக்கு எட்டிப் பார்க்கும். சரியாக அந்த நேரத்தில்தான் கவனிப்பையும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

வெயிலில் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறேன் என்று சொன்னால் செட்டிநாட்டு வீட்டுக்கு அது முழு உண்மை ஆகாது. வளவின் நடுவே முற்றம் வானம் பார்த்துத் திறந்திருக்கிறது. வற்றலும் வடகமும் மிளகாயும் அங்கேதான் காய்கின்றன, காக்கை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவதும் அங்கேதான். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒளிதான். சன்னல் கண்ணாடி, புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத் தடுத்தாலும் யு.வி.ஏ. என்ற பகுதியை உள்ளே விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே மாநிறத் தோலைக் கறுக்கவைக்கும் என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. அதனால்தான் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீனை நம் போன்றவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

திறந்த புண்ணில் சன்ஸ்கிரீன் தடவக் கூடாது. பொருக்கு விழும்வரை குடையும் துணியும் சிறு பிளாஸ்டரும்தான் காவல். துணியென்றால் நெருக்கமாக நெய்த கனத்த பருத்தி நல்லது. கண்டாங்கிச் சேலையின் முந்தானையை இரண்டாக மடித்துப் போட்டுக்கொண்டால் மெல்லிய சிஃபானைவிட நன்றாக மறைக்கும். தோல் மூடியதும் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கி, வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்பே தடவி, வெளியில் இருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி தடவுங்கள். வியர்த்துத் துடைத்தால் உடனே மறுபடி. குறைந்தது மூன்று மாதம் இதை விடாதீர்கள்.

தேன்குழலும் அதிரசமும் சுட்டு விற்கும் பெண்களுக்கு வெக்கை, வியர்வை, தெறிக்கும் எண்ணெய் என்று இன்னொரு தொல்லை. அவர்கள் முதல் பத்து நாளாவது அடுப்படியை வேறொருவரிடம் விட வேண்டும். வருமானம் போகும் என்பது தெரிந்தே சொல்கிறேன். ஆகவே ஆர்டர் குறைந்த மாதம் பார்த்து லேசருக்குப் போவது நல்லது.

கறுத்துவிட்டது என்றதும் மருந்துக்கடைக்குப் போய் வெளுக்கும் கிரீம் கேட்பது பெரிய ஆபத்து. அப்படிக் கைக்கு வரும் டியூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் தெரியும், முகப்பரு வெடிக்கும். நிறுத்தினால் எரிந்து சிவக்கும். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டு போராடியதன் பேரில், 2018-ல் மத்திய அரசு பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, சீட்டு இல்லாமல் கேட்பதை நாமும் நிறுத்த வேண்டும். வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் இந்தக் கருமை பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மங்கும்.

உள்ளங்காலில் மரு எடுப்பவர்களுக்கு நாள் கணக்கு வேறு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலில் நடக்கிறவர்கள், புறப்படுவதற்குச் சில வாரம் முன்பு காலில் லேசர் வைத்துக்கொள்ளக் கூடாது. நடந்து, திரும்பி வந்து, பிறகு செய்யலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் எதைச் செய்வதானாலும் அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டே செய்ய வேண்டும். காலோ கையோ, புண் ஆறும்வரை ஊருணியில் முங்கிக் குளிக்க வேண்டாம்.

மரு திரும்ப முளைத்தால் மனம் உடைய வேண்டாம். மரு என்பது ஹெச்.பி.வி. என்ற வைரஸின் வேலை. மேலே தெரிந்ததை லேசர் எடுத்தாலும் சுற்றுத் தோலில் வைரஸ் ஒளிந்திருக்கலாம். தனித் துண்டு, தனி ரேசர் வைத்துக்கொள்ளுங்கள். தாடியில் மரு எடுத்தவர்கள் ஆறும்வரை சவரம் செய்ய வேண்டாம்; பிறகும் சலூனில் புது பிளேடு கேட்டு வாங்குங்கள்.

மச்சம் திரும்பி வந்தால் விஷயம் வேறு. எடுத்த இடத்தில் மறுபடி கறுப்பு தெரிந்தால் அது எஞ்சிய நிறமிச் செல்களாக இருக்கலாம், ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது தோல் மருத்துவர். இரண்டாம் முறை பார்லரில் சுடவைக்காதீர்கள். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் கரும்புள்ளியை லேசருக்கே கொடுக்கக் கூடாது. கருநிறத் தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா புற்றுநோய் வந்தால் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லியின் கால் விரல் நகத்தடியில் வந்ததைப் பந்து விளையாட்டில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981-ல் தமது 36-ஆம் வயதில் அவர் இறந்தார். லேசரில் ஆவியாகிப்போன திசுவைச் சோதனைக்கு அனுப்ப முடியாது என்பதை மறக்கவே கூடாது.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ காத்திருக்காதீர்கள். தழும்பு தடித்து, அரித்து, மேலெழும்பினாலும் உடனே காட்டுங்கள். நெஞ்சிலும் தோளிலும் இது அதிகம், தொடக்கத்திலேயே பார்த்தால் அடக்கிவிடலாம். லேசர் செய்த மருத்துவர் தொலைவில் இருந்தால், 2012-ல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம்.

கல்யாணத் தேதி குறித்துவிட்டு முகத்து மச்சத்தை எடுக்க நினைக்கும் பெண்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தையில் முகூர்த்தம் என்றால் புரட்டாசிக்குள் லேசரை முடித்துவிடுங்கள். அடுத்து வரும் ஐப்பசியும் கார்த்திகையும் நம் பக்கம் மழை மாதங்கள், வெயில் தணிந்திருக்கும். சன்ஸ்கிரீன் அப்போதும் வேண்டும். புரட்டாசி தவறிவிட்டால் அவசரப்படாதீர்கள். மச்சத்தோடே மணமேடை ஏறுங்கள், கல்யாணம் முடிந்த பிறகு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம்.