பொறி அளவுத்திருத்தத் தரவு மேலாண்மை

பொறி அளவுத்திருத்தத் தரவு மேலாண்மை என்பது ஊர்தி உருவாக்கத்தின்போது பொறியின் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகில் இடப்படும் எண் மதிப்புகளை, யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற விவரத்துடன் சேமித்து ஒன்றிணைக்கும் முறை ஆகும். ஒரே பொறியும் ஒரே மென்பொருளும் கொண்ட பேருந்தும் சரக்குந்தும் வெவ்வேறு விதமாக இயங்க இம்மதிப்புகளே காரணம் எனலாம்.

தரவின் தன்மை

டீசல் பொறியில் எரிபொருளை எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு அலகு பெரும்பாலும் அட்டவணையைப் பார்த்தே அறிகின்றது. அதன் ஓர் அச்சு சுழல்வேகம், மற்றது சுமை. பொறியாளர் வழக்கில் இது 'மேப்' எனப்படும். 16 வரிசையும் 16 நிரலும் உடைய ஒரு மேப்பில் 256 எண்கள் உள்ளன. குளிர்ந்த நிலையில் தொடக்கம், மலைப்பகுதியின் அடர்த்தி குறைந்த காற்று எனத் தனித்தனி மேப்புகள் சேரும்போது மதிப்புகள் பல்லாயிரமாகப் பெருகும். ஒவ்வொன்றின் பெயர், நினைவக முகவரி, அலகு, எல்லை ஆகியவற்றை 'ஏ2எல்' என்னும் விவரக் கோப்பு தருகின்றது. இதன் வடிவத்தை ஏசாம் அமைப்பு தரப்படுத்தியுள்ளது.

ஒன்றிணைத்தல்

சிக்கல் இங்குதான் தொடங்குகின்றது. ஒரே பொறியில் பல குழுக்கள் ஒரே காலத்தில் பணியாற்றுகின்றன. எடுத்துக்காட்டாக, புகைத் தூய்மிப்புக் குழு வினையூக்கியைச் சூடாக்குவதற்காகப் பீய்ச்சலைத் தாமதப்படுத்தும். எரிபொருள் சிக்கனக் குழு அதே எண்ணை முன்னுக்கு நகர்த்தும். கடைசியாகச் சேமித்தவரின் மதிப்பே நிலைக்குமானால் மற்றவரின் பல வாரச் சோதனை வீணாகும். எனவே ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பொறுப்பாளரும், அதன் முதிர்ச்சியைக் காட்டும் விழுக்காடும் குறிக்கப்படுகின்றன. சிறு திட்டங்களுக்கு விரிதாள் போதும். பெரியவற்றுக்குத் தனித் தரவுத்தளம் வேண்டும்.

தமிழ்நாட்டில்

காட்டுப்பள்ளி அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே, வெள்ளிவாயல்சாவடியில், அசோக் லேலண்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப மையம் உள்ளது. இந்நிறுவனம் உட்பட இந்திய ஊர்தி உற்பத்தியாளர் அனைவரும் பாரத் நிலை 5-ஐத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நேரடியாக நிலை 6-க்கு மாற வேண்டியிருந்தது. கனரக டீசல் பொறிகளுக்கான நைட்ரசன் ஆக்சைடு வரம்பு, சீர்நிலைச் சோதனையில், கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமிலிருந்து 0.40 கிராமாகக் குறைந்தது. பழைய மேப்புகளைச் சற்றே திருத்தி இதனை எட்ட இயலாது.

சட்டத் தொடர்பு

2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வோக்ஸ்வாகன் மீது குற்றஞ்சாட்டியது. சோதனை நடப்பதைத் திசைமாற்றிச் சக்கரத்தின் நிலை போன்றவற்றால் உணர்ந்து, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள் அதன் டீசல் மகிழுந்துகளில் இருந்தது. அதன்பின் மாற்றப் பதிவேடு பொறியாளரின் வசதிக்கானது மட்டுமன்று, விசாரணைக்குரிய சான்றும் ஆயிற்று. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் மகிழுந்துகள் சாலையில் ஓடும்போதே அளக்கப்படுகின்றன; ஆய்வகச் சோதனை தொடும் கட்டங்களை மட்டும் செம்மையாக்கினால் போதாது.