அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு கேள்வி

கொடும்பாளூரில் வசிக்கும் என் தங்கைக்கு அப்போது வயது 46. மாதவிடாய் நாள்களில் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் அளவுக்கு ரத்தசோகை. நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் எடுத்தபோது, கருப்பையில் சிறிய நார்த்திசுக் கட்டி இருப்பது தெரிந்தது. 'பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி கர்ப்பப்பை எதற்கு? எடுத்துவிட்டால் புற்றுநோய் பயமும் இல்லை' என்றார்கள். காப்பீட்டு அட்டை இருப்பதால் கைப்பணம் செலவாகாது என்றும் சொல்லி, வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை அவள் என்னிடம் கேட்டாள்: 'அண்ணே, எடுத்துத்தான் ஆகணுமா?'

நான் பொருளியல் பாடம் நடத்தியவன், மருத்துவம் அறியாதவன். எனவே, அந்தக் கேள்வியை இன்னொரு மருத்துவரிடம் கொண்டுசெல்வது ஒன்றே என்னால் முடிந்தது. ஆனால், அந்தக் கேள்வி எழுவதற்கான காரணம் பொருளியல் சார்ந்தது.

கென்னத் ஆரோ என்ற பொருளியல் அறிஞர் 1963-இல் மருத்துவச் சந்தை குறித்து ஒரு கட்டுரை எழுதினார். காய்கறிக் கடையில் என்ன வேண்டும் என்பதை வாங்குபவர் தீர்மானிக்கிறார். மருத்துவத்திலோ, என்ன வேண்டும் என்று சொல்பவரும், அதை விற்பவரும் ஒருவரே. நோயாளிக்குத் தெரியாதது மருத்துவருக்குத் தெரியும். இந்த இடைவெளியை நம்பிக்கை நிரப்புகிறது. அந்த நம்பிக்கையின் மீது வருவாயின் நிழல் விழும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மகப்பேற்றை எடுத்துக்கொள்வோம். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நடந்தன. முந்தைய ஆய்வில் இது 34.1 சதவீதம். இந்திய சராசரி 21.5 சதவீதம்தான். தமிழகத் தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம்; அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். சிக்கலான பிரசவங்கள் பல கடைசி நேரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கே அனுப்பப்படுகின்றன. அப்படியானால் அரசு மருத்துவமனைகளின் விகிதம்தானே கூடுதலாக இருக்க வேண்டும்? எனவே, இந்த வேறுபாட்டுக்கு உடற்கூறு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. சுகப்பிரசவத்துக்குப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சை ஒரு மணி நேரத்தில் முடியும், கட்டணமும் அதிகம். வலி குறித்த அச்சம், நல்ல நேரம் பார்க்கும் குடும்பத்தாரின் விருப்பம், வழக்கு வருமோ என்ற மருத்துவரின் தயக்கம் ஆகியவையும் இதில் சேர்கின்றன.

வழக்கத்தில் ஊறிவிட்ட ஓர் அறுவை சிகிச்சை பயனுள்ளதாகத்தான் இருக்கும் என்பதும் உறுதியல்ல. மூட்டுத் தேய்மானத்துக்கு, சிறு துளையிட்டு மூட்டின் உள்பகுதியைக் கழுவிச் சுத்தம் செய்யும் சிகிச்சை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டுத் தையல் போட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்தபோது, உண்மையான சிகிச்சை பெற்றவர்களின் வலி, கீறல் மட்டும் பெற்றவர்களின் வலியைவிடக் குறைந்திருக்கவில்லை. 2002-இல் வெளியான இந்த முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் எடைக் குறைப்பும் பலருக்கு வலியைத் தணிக்கின்றன. ஆனால், அவற்றை விற்பதில் யாருக்கும் பெரிய லாபமில்லை.

காப்பீடு இந்தச் சாய்வை மேலும் கூட்டுகிறது. ஏழைகளுக்கு அது பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்குப் பணம் தருகின்றன. புறநோயாளியாக ஆறு மாதம் சாப்பிடும் மாத்திரைக்கோ, இயன்முறைப் பயிற்சிக்கோ தருவதில்லை. அதனால் கத்தி இலவசமாகிறது. மாத்திரைக்குக் கைக்காசு செலவாகிறது.

கருப்பை அகற்றம் இதற்குக் கொடிய எடுத்துக்காட்டு. தேவையற்ற கருப்பை அகற்றங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. கருப்பையுடன் சினைப்பைகளையும் இளம் வயதில் எடுத்துவிட்டால் எலும்பு வலுவிழக்கும். இதய நோய் அபாயம் கூடும். கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு எலும்புதான் முதலீடு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 'இயற்கை' என்ற சொல்லும் ஒரு சந்தைதான். 2018 ஜூலையில் திருப்பூரில், காணொலிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் உதிரப்போக்கால் உயிரிழந்தார். 2018-20 கணக்கின்படி தமிழகத்தில் ஒரு லட்சம் பிரசவங்களுக்குத் தாய் இறப்பு 54. நாட்டின் சராசரி 97. மருத்துவமனைப் பிரசவத்துக்கும், உரிய நேரத்தில் செய்யப்படும் அறுவை சிகிச்சைக்கும் இதில் பெரும் பங்குண்டு. குடல்வால் வெடிக்கும் நிலை, இறுகிப்போன குடலிறக்கம், புற்றுநோய்க் கட்டி ஆகியவற்றுக்குக் கஷாயத்தை நம்பிக் காத்திருப்பது தற்கொலைக்குச் சமம். முற்றிலும் தேய்ந்துபோன மூட்டை மாற்றிக்கொண்டு மீண்டும் நடமாடுபவர்கள் நம்மிடையே பலர் உண்டு.

ஆகவே, அவசரம் எது, அவகாசம் உள்ளது எது என்று பிரித்தறிவதே முக்கியம். அவகாசம் இருந்தால் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். அறுவை சிகிச்சையால் எனக்கு என்ன நன்மை? என்ன தீமை? வேறு வழி உண்டா? மூன்று மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? நல்ல மருத்துவர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார். அரசும் இரண்டு செய்யலாம். அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளுக்குக் காப்பீட்டில் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கட்டாயமாக்கலாம். இயன்முறைப் பயிற்சிக்கும் தொடர் மாத்திரைகளுக்கும் காப்பீட்டிலிருந்து பணம் தரலாம்.

என் தங்கையை மறுநாள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். கருப்பையின் உள்சுவரில் சிறிது திசு எடுத்துச் சோதித்து, புற்றுநோய் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்தார்கள். இரும்புச்சத்து மாத்திரையும், உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரையும் தந்தார்கள். குறையாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றி யோசிப்போம் என்றார் அந்த மருத்துவர். யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை. மூன்று ஆண்டுகளில் மாதவிடாய் நின்றது, கட்டியும் சுருங்கியது. எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அவளுடைய சோதனை முடிவு வேறுவிதமாக இருந்திருந்தால், அறுவை சிகிச்சைக்கு நானே கையெழுத்திட்டிருப்பேன்.