விண்வெளியில் விவசாயம்: நம் வயல் சும்மா செய்துதரும் வேலைகள்

ஈரமுள்ள வயலில் தட்டைப்பயறு விதைத்தால் மூன்றாம் நாள், நான்காம் நாளில் முளைத்துவிடும். இதில் செய்தி ஒன்றும் இல்லை. ஆனால், 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி சி-60 ராக்கெட்டில், ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து அனுப்பிய எட்டுத் தட்டைப்பயறு விதைகள் நான்காம் நாள் முளைவிட்டபோது அது நாடு முழுக்கச் செய்தியானது. அடுத்த சில நாட்களில் இலையும் விரிந்தது. அந்தப் பெட்டியை உருவாக்கியது திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். 2025 ஜூனில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நம் வீரர் சுபான்ஷு சுக்லா, அங்கே வெந்தயத்தையும் பச்சைப்பயறையும் முளைக்கவைத்தார்.

இந்தச் செய்திகளுக்குப் பிறகு எனக்கு இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது: "இங்கே விவசாயம் பார்க்கவே ஆள் இல்லை, அங்கே எதுக்கு சார்?" இரண்டாவது, கொஞ்சம் கவலை தரும் கேள்வி. ஒரு விவசாயி தொலைபேசியில் கேட்டார்: "மண்ணே வேண்டாம், விண்வெளித் தொழில்நுட்பம்னு சொல்லி அடுக்கும் விளக்கும் வெச்சுத் தர்றேங்கிறாங்க. தோட்டத்தை அடமானம் வெச்சுப் போடலாமா?" இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில், ஏன் அங்கே விவசாயம்? செவ்வாய்க்குப் போகவே ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். போய், தங்கி, திரும்ப ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அத்தனை உணவையும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும். கட்டிக்கொண்டு போனாலும் இருப்பு வைத்த உணவில் வைட்டமின் சி, பி1 போன்றவை நாளாக ஆகக் குறைந்துவிடும். எனவே மனிதன் பூமியை விட்டுத் தொலைவில் வாழ வேண்டுமானால், அங்கே பயிர் வைத்தே ஆக வேண்டும். ராக்கெட்டைச் செய்யக் கற்றுக்கொண்ட அளவுக்கு இதை இன்னும் மனிதன் கற்றுக்கொள்ளவில்லை.

தண்ணீர் கீழே இறங்காத இடம்

நாம் பாய்ச்சும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. இறங்கிய இடத்தில் காற்று புகுகிறது. வேருக்கு இரண்டும் கிடைக்கிறது. விண்வெளி நிலையத்தில் எல்லாம் எடையற்று மிதப்பதால் தண்ணீருக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அது வேரைச் சுற்றிக் கூழ்போல ஒட்டிக்கொள்கிறது. வேர் மூச்சு முட்டிப்போகிறது. காற்றும் அப்படித்தான். சூடான காற்று மேலே போவது என்பது அங்கே கிடையாது. மின்விசிறி ஓடாவிட்டால் இலை விட்ட ஈரம் இலையைச் சுற்றியே நிற்கும்.

அதனால் அங்கே செடியைச் சிறு தலையணை போன்ற பைகளில் வளர்க்கிறார்கள். பைக்குள் சுட்ட களிமண் பரல்களும், மெல்லக் கரையும் உரமும் இருக்கும். திரி வழியாகத் தண்ணீர் ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே கணக்கு. மேலே சிவப்பு, நீலம், பச்சை எல்இடி விளக்குகள். 'வெஜ்ஜி' எனப்படும் இந்தத் தோட்டத்தில் விளைந்த சிவப்பு லெட்டூஸ் கீரையை 2015 ஆகஸ்டில் வீரர்கள் பறித்துச் சாப்பிட்டார்கள்.

கீரைக்கு அடுத்து வைத்தது ஜினியா பூச்செடி. அதன் கதையைத்தான் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2015 நவம்பரில் விதை ஊன்றினார்கள். இரண்டு வாரத்தில் திரியைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. இலை ஓரங்களில் நீர்த்துளி கட்டியது. இலைகள் கீழ்நோக்கி வளைந்து சுருண்டன. இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வேரில் நீர் தேங்கிய அறிகுறி. டிசம்பர் பின்பாதியில் இலைகளில் பூஞ்சணம் படர்ந்தது. வீரர் ஸ்காட் கெல்லி பாதித்த பகுதிகளை வெட்டி எடுத்தார், செடிகளைத் துடைத்தார், விசிறியைக் கூட்டினார். இப்போது எதிர்ப்பக்கப் பிரச்சினை. விசிறிக் காற்றில் செடி காய ஆரம்பித்தது. ஆனால் பூமியிலிருந்து வந்த கால அட்டவணைப்படி அன்று தண்ணீர் விடும் முறை இல்லை.

கெல்லி ஒத்துக்கொள்ளவில்லை. செவ்வாயில் இருந்தால் எப்போது தண்ணீர் விடுவது என்று அங்கே இருப்பவன்தானே முடிவெடுக்க வேண்டும், வீட்டுப் புல்தரைக்கு நான் பார்த்துத்தானே தண்ணீர் விடுகிறேன் என்ற பொருளில் கேட்டார். பூமியில் இருந்த விஞ்ஞானிகள் யோசித்தார்கள். அட்டவணையை நிறுத்திவிட்டு, ஒரே பக்கத்தில் செடி வளர்ப்புக் குறிப்பு எழுதி அனுப்பி, முடிவை அவர் கையில் விட்டார்கள். அன்றிலிருந்து அவர் இலையைப் பார்த்து, பையைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட்டார். சில செடிகள் போயின. பிழைத்தவற்றில் 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறப் பூ விரிந்தது.

வேளாண் துறை அலுவலர்களுக்கும், பரிந்துரை எழுதும் என்னைப் போன்றவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பத்து நாளுக்கு ஒரு தண்ணீர், இத்தனையாம் நாள் மேலுரம் என்று நாம் எழுதிக் கொடுப்பது பொதுக்கணக்கு. செடியின் முன்னால் நிற்பவர் பார்ப்பதுதான் அன்றைய கணக்கு. பரிந்துரை அட்டையோடு, செடியைப் படிக்கும் ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்தால்தான் நம் வேலை முழுமையாகும்.

நிலவுத் தூசி மண் ஆகாது

விண்கலத்தில் பைகள் போதும். நிலவிலோ செவ்வாயிலோ குடியேறினால், அங்கே காலடியில் கிடப்பதில் பயிர் வைக்க முடியுமா? அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதைச் சோதித்து 2022 மே மாதம் முடிவை வெளியிட்டார்கள். அப்போலோ 11, 12, 17 பயணங்களில் நிலவிலிருந்து கொண்டுவந்து பாதுகாத்த தூசியில் மொத்தம் 12 கிராம் மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது. செடிக்கு ஒரு கிராம் வீதம் எடுத்து, கடுகு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் விதையைப் போட்டு, சத்துக் கரைசலும் ஊற்றினார்கள்.

எல்லாம் முளைத்தன. ஒரு வாரத்துக்குள் வேறுபாடு தெரிந்தது. பூமியின் எரிமலைச் சாம்பலில் வளர்ந்த செடிகள் நன்றாக இருக்க, நிலவுத் தூசியில் வளர்ந்தவற்றின் வேர் குட்டையானது, வளர்ச்சி தாமதமானது, சில செடிகளின் இலை செங்கருமையாக மாறியது. சத்துக் குறைந்த வயலில் இலை செந்நிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் செடி படும் பாட்டின் அடையாளம்தான். மரபணுக்களைப் பார்த்தபோது, உவர் நிலத்தில் தவிக்கும் செடியைப் போல அவை தவித்தது தெரிந்தது.

காரணம் எளிது. நிலவில் மழை இல்லை, காற்று இல்லை. அதனால் துகள்கள் தேயவில்லை. கண்ணாடிச் சில்லுபோலக் கூராக இருக்கின்றன. மட்கு இல்லை, தழைச்சத்து இல்லை என்றே சொல்லலாம், ஒரு நுண்ணுயிர்கூட இல்லை. செவ்வாயின் மண்ணில் வேறு சிக்கல். அங்கே இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம் 2008-ல் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டறிந்தது. உணவு வழியே உடலில் சேர்ந்தால் தைராய்டைப் பாதிக்கும். உவர் நிலத்தைத் தண்ணீர் கட்டி அலசுவது போல, அந்த மண்ணையும் முதலில் அலச வேண்டியிருக்கும்.

மண்ணையே கொண்டுபோனால்?

நல்ல மண்ணையே கொண்டுபோய்விடலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 'பயோஸ்பியர் 2' என்ற பெரிய கண்ணாடிக் கட்டடம். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் அரை ஏக்கர் அளவு நிலத்தில் நெல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழை எனப் பயிரிட்டு, தங்கள் உணவில் ஐந்தில் நான்கு பங்கை அவர்களே விளைவித்தார்கள்.

ஆனால், உள்ளே காற்றில் இருந்த ஆக்சிஜன் மெல்ல மெல்லக் குறைந்தது. 20.9 சதவீதத்திலிருந்து பதினாறு மாதத்தில் 14.5 சதவீதத்துக்கு வந்துவிட்டது. நான்காயிரம் மீட்டர் உயர மலையில் இருப்பது போல மூச்சு வாங்கியது. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. ஆக்சிஜனைத் தின்றது எது? அவர்கள் போட்ட வளமான மண். மட்கு அதிகம் கலந்த அந்த மண்ணில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் மட்கைச் சிதைத்து மூச்சு விட்டன. அவை விட்ட கரியமில வாயு பயிருக்குத் திரும்பியிருந்தால் கணக்கு ஓரளவு நேராகியிருக்கும். அதில் பெரும்பகுதியைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது.

மண் மூச்சு விடுகிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதில்லை. எட்டுப் பேரை மூச்சுத் திணறவைக்கும் அளவுக்கு விடுகிறது. அத்தகைய உயிரை ஒரு பெட்டிக்குள் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை விஞ்ஞானிகள் அப்போது புரிந்துகொண்டார்கள்.

சூரியனுக்கு மின்கட்டணம் போட்டால்

இப்போது விளக்குக் கணக்குக்கு வருவோம். நம் பகுதியில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளில் விழும் வெயிலின் ஆற்றல் சராசரியாக ஐந்து யூனிட். ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். ஆக, ஒரு ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 20,000 யூனிட். இதில் பாதியைத்தான் பயிரால் பயன்படுத்த முடியும். ஆனால் எல்இடி விளக்கும் தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் ஒளியாக்குகிறது. எனவே அதே வெளிச்சத்தை விளக்கால் கொடுக்கவும் நாளுக்கு ஏறத்தாழ 20,000 யூனிட் வேண்டும். உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்.

விண்வெளியில் கீரையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். கீரைக்கு ஒளி குறைவாகப் போதும், ஒரு மாதத்தில் அறுவடை, வேர் தவிர எல்லாம் உணவு. மிளகாயும் அங்கே விளைந்திருக்கிறது. 2021-ல் 137 நாள் வளர்த்துப் பறித்தார்கள். தென்றலும் பூச்சியும் இல்லாததால் விசிறியை வைத்துப் பூவை அசைத்தும், கையாலும் மகரந்தச் சேர்க்கை செய்தார்கள். எண்ணிப் பறிக்கும் அளவுக்குத்தான் காய்.

அடமானம் வைக்கலாமா?

தொலைபேசியில் கேட்ட விவசாயிக்கு நான் சொன்னது இதுதான். மண்ணில்லா விவசாயம் பொய்யில்லை. நகரத்தை ஒட்டி, நிலையான வாடிக்கையாளர் இருந்தால், லெட்டூஸ் போன்ற கீரைகளில் சிலர் சம்பாதிக்கிறார்கள். ஆனால் தானியம், பயறு, பருத்திக்கு அது ஆகாது. 'விண்வெளித் தொழில்நுட்பம்' என்று யாராவது வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு கிலோ விளைய எத்தனை யூனிட் மின்சாரம்? அந்த விலைக்கு யார் வாங்குவார், எழுதித் தருவாரா? மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் செடி தாங்கும்? மண்ணில் நிற்கும் செடி இரண்டு நாள் தண்ணீர் இல்லாமலும் சமாளிக்கும். நீரோடும் குழாயில் நிற்கும் செடிக்குச் சில மணி நேரமே கெடு. பதில் எழுத்தில் வராவிட்டால் தோட்டத்துப் பத்திரத்தைப் பெட்டியை விட்டு எடுக்காதீர்கள்.

விண்வெளி ஆய்விலிருந்து நமக்கு உண்மையாகவே வந்த பயனும் உண்டு. இடைவிடாத ஒளியில் கோதுமை வளர்க்க நாசா செய்த சோதனைகளைப் பார்த்து, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் 'விரைவுப் பயிர்ப் பெருக்க' முறையை வளர்த்தெடுத்தார்கள். நாளுக்கு 22 மணி நேரம் ஒளி கொடுத்து, கோதுமையிலும் கொண்டைக்கடலையிலும் ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை எடுக்கிறார்கள். புதிய ரகம் உங்கள் கைக்கு வரும் காலம் இதனால் குறையும்.

உங்கள் வயலில் நாளையே செய்யக்கூடியதும் உண்டு. மழை நின்றதும் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பேறி நாறினால் அது ஜினியாவின் நிலைமை. உரம் போடுவதற்கு முன் வடிகால் வெட்டுங்கள். வைக்கோலையும் சோகையையும் கொளுத்தாதீர்கள். நிலவுத் தூசியில் இல்லாதது அந்த மட்குதான். பூக்கும் பருவத்தில் காலை நேரத்தில் மருந்து தெளிக்காதீர்கள்; தேனீயின் வேலையைக் கையால் செய்ய நம்மிடம் ஆள் இல்லை.

அங்கே எதுக்கு விவசாயம் என்று கேட்டவருக்கும் பதில் இதுவே. நம் மண் சும்மா செய்துதரும் வேலைகளை, கோடிக்கணக்கில் செலவழித்து ஒவ்வொன்றாக அங்கே செய்து பார்க்கிறார்கள். அப்படிச் செய்து பார்ப்பதால்தான் அவற்றின் மதிப்பு நமக்குத் தெரிய வருகிறது. மேல்மண் ஓர் அங்குலம் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். அதைச் செங்கல் சூளைக்கு லோடு கணக்கில் விற்கக் கேட்டு யாராவது வந்தால், எட்டுத் தட்டைப்பயறு விதைகளை முளைக்கவைக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

- கட்டுரையாளர்: உழவியல் துறை வேளாண் விஞ்ஞானி