விளக்குகளை ஆளும் இரண்டு சர்வர்கள்: ஒன்று நின்றால் மற்றது என்ன செய்யும்?

நாடக மேடையில் நடிகர் ஒருவர் உயரமான படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து விளக்குகளை இயக்கும் கணினி நின்றுவிட்டால்? வீட்டில் கரண்ட் போவது போன்றதல்ல இது. மின்சாரம் இருக்கும், விளக்கும் பழுதாகியிருக்காது. என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லத்தான் ஆளிருக்காது. அதனால் பெரிய அரங்குகளில் ஒரே வேலைக்கு இரண்டு சர்வர்களை வைக்கிறார்கள். ஒன்று முதன்மை, மற்றது பேக்அப்.

இரண்டு வைத்தால் போதும் என்றுதான் பொறியியல் படிக்காத நானும் நினைத்திருந்தேன். சிக்கல் தொடங்குவதே அங்குதான்.

பேக்அப்பிடம் இருக்க வேண்டிய தகவல் இரண்டு வகை. எந்த விளக்குக்கு எந்த எண், எந்தக் காட்சிக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற நிகழ்ச்சிக் கோப்பு ஒன்று. இந்த நொடியின் நிலை மற்றொன்று: ஓடிக்கொண்டிருப்பது 46ஆம் காட்சியா, 47ஆ? விளக்கு பாதி மங்கிவிட்டதா? காலையில் கோப்பை நகலெடுத்து வைத்தால் முதலாவது கிடைத்துவிடும், இரண்டாவது கிடைக்காது. முதன்மையில் அழுத்தும் ஒவ்வொரு பொத்தானும் அப்போதே நெட்வொர்க் வழியாகப் பேக்அப்பையும் சென்றடைய வேண்டும். இரண்டிலும் ஒரே மென்பொருள் பதிப்பு இருப்பதும் முக்கியம்.

முதன்மை நின்றுபோனது எப்படித் தெரியும்? அதன் மௌனத்தால்தான். ஈதர்நெட் வழியே கட்டளைகளைக் கொண்டுசெல்லும் எஸ்ஏசிஎன் முறையில், வெளிச்சம் மாறாத நேரத்திலும் சர்வர் ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை பேசிக்கொண்டே இருக்கும். 2.5 விநாடிகள் எதுவும் வராவிட்டால், அது இல்லை என்று பெறும் கருவி முடிவு செய்துவிடும். அனுப்புபவருக்கு 0 முதல் 200 வரை முன்னுரிமை எண்ணும் உண்டு, வழக்கமாக 100. பேக்அப்புக்கு 90 கொடுத்தால், 100 பேசும்வரை 90 சொல்வதைக் கருவி காதில் போட்டுக்கொள்ளாது.

இரண்டு சர்வர்களுக்கும் இடையிலுள்ள கேபிள் மட்டும் அறுந்தால்தான் தலைவலி. இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் ஒன்றை ஒன்று காணவில்லை. முதன்மை போய்விட்டது என்று எண்ணிப் பேக்அப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. இருவரும் ஒரே முன்னுரிமையில் பேசினால், பல கருவிகள் அதிக வெளிச்சம் கேட்பவர் சொல்வதையே ஏற்கும். ஒருவர் அணைக்கச் சொன்ன விளக்கை மற்றவர் பிடித்து வைத்திருப்பார். ஆபரேட்டர் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்துக் குழம்புவார். இதனால்தான் சில அமைப்புகளில் பேக்அப் தானாக முந்திக்கொள்ளாமல், ஆபரேட்டரைக் கேட்டுவிட்டே பொறுப்பேற்கிறது.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. உடனுக்குடன் நகலெடுக்கும் சர்வர் தவறையும் உடனே நகலெடுக்கும். முதன்மையில் ஒரு காட்சியைத் தெரியாமல் அழித்தால் அடுத்த கணம் பேக்அப்பிலும் அது இருக்காது. வெற்றுக் கோப்புள்ள கருவியை முதன்மையாக்கி இணைத்தால் அந்த வெறுமைதான் மற்றதிலும் போய் நிரம்பும். எனவே தேதியிட்டுப் பென்டிரைவில் தனியாக எடுத்துவைக்கும் நகலுக்குப் பேக்அப் சர்வர் ஈடாகாது.

அலுவலகக் கட்டடங்களில் பயன்படும் டாலி முறை வேறு வழியில் போகிறது. ஒரு லைனில் 64 கருவிகள் வரை இணைக்கலாம். ஒவ்வொன்றும் 16 காட்சிகளைத் தன் நினைவிலேயே வைத்திருக்கும். லைன் செத்துப்போனால், வேறு மாதிரி அமைக்காதவரை, விளக்குகள் முழு வெளிச்சத்துக்குப் போய்விடும். மேடைக்கு இது ஒத்துவராது, மக்கள் நடமாடும் வராந்தாவுக்கு மிக நல்லது.

மேடைக்குச் சோதனைதான் வழி. ஒத்திகையில், விளக்கு மங்கிக்கொண்டிருக்கும்போதே முதன்மையின் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். மற்றொரு முறை நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்ற வேண்டும். முதன்மை மீண்டும் உயிர்பெறும்போது அதனிடம் இருப்பது பழைய தகவல். இடையில் நடந்த மாற்றங்களைப் பேக்அப்பிடமிருந்து அது வாங்கிக்கொண்ட பிறகே பொறுப்பைத் திருப்பித் தர வேண்டும்.